வைக்கோல் ஆடும் காகித இதயமும்

ஸ்வீடனில் பழைய கிறிஸ்துமஸ் அலங்காரங்களைச் சேகரிக்க இறங்குபவர்கள் பலரும் தாலர்னா மரக்குதிரையில்தான் தொடங்குகிறார்கள். நான் அதன் பக்கம் போனதில்லை. செந்நிறம் பூசி, பூவேலை செய்த அந்தக் குதிரை அழகானதுதான். ஆனால் அது ஆண்டு முழுவதும் அலமாரியில் நிற்கும் பொம்மை. 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் அதன் பேருருவம் நிறுத்தப்பட்ட பிறகு நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. என்னை ஈர்ப்பவை ஒரு பருவத்துக்கென்று வைக்கோலிலும் காகிதத்திலும் செய்யப்பட்டு, நீடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்காமலேயே தப்பிப் பிழைத்த பொருள்கள்.

அவற்றில் முதலிடம் யூல்பொக் எனப்படும் வைக்கோல் ஆட்டுக்கு. பழைய உழவர் வீடுகளில் கிறிஸ்துமஸ் இரவில் தரையெங்கும் வைக்கோலைப் பரப்பி, வீட்டாரும் வேலையாட்களும் அதன்மேலேயே படுத்துறங்கிய வழக்கம் இருந்ததால், பண்டிகைக்கும் வைக்கோலுக்கும் உள்ள உறவு அலங்காரத்தைவிடப் பழையது. ஆட்டுவேடம் போட்டவர்கள் வீடு வீடாகச் சென்று குறும்பு செய்ததும், பிற்காலத்தில் அந்த ஆடே பரிசு கொண்டுவருபவராக மாறியதும் உண்டு. ஓவியர் யென்னி நீஸ்த்ரம் 1881இல் வரையத் தொடங்கிய, வெண்தாடி வைத்த டோம்தே எனும் குட்டி மனிதனின் உருவம் பரவியபின் அந்தப் பதவி ஆட்டின் கையைவிட்டுப் போனது. யேவ்லே நகரச் சதுக்கத்தில் 1966இல் எழுப்பப்பட்ட 13 மீட்டர் உயர வைக்கோல் ஆடு அந்த ஆண்டின் கடைசி இரவிலேயே எரிக்கப்பட்டதும், பிறகு வந்த ஆடுகளில் பலவற்றுக்கும் அதே கதி நேர்ந்ததும் உலகறிந்த செய்தி; சேகரிப்பவனுக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

சந்தையில் ஓர் ஆட்டைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது கழுத்தில் கட்டிய சிவப்பு நாடாவை. உண்மையிலேயே பல பத்தாண்டுகள் கண்ட நாடா வெளிப்புறத்தில் வெளிறியிருக்கும். முடிச்சின் மடிப்பைச் சற்றே விலக்கினால் உள்ளே பழைய அடர்சிவப்பு அப்படியே தெரியும். நாடாவுக்கு அடியிலுள்ள வைக்கோல் தாளின் நிறமும் வெளியே இருப்பதும் ஒன்றாக இருக்கக் கூடாது. அடுத்து கொம்பு: தாள்களை நனைத்து இளக்கிப் பின்னி வளைத்த கொம்பில் பின்னல் நுனியை நோக்கிச் சீராக மெலிந்துகொண்டே போனால் செய்தவர் கைதேர்ந்தவர். உடைந்த தாளைப் பசைபோட்டு ஒட்டி, புது நாடா கட்டிப் ‘பழையது’ என்று விலை சொல்பவர்களிடம் பேரம்கூடப் பேசுவதில்லை. உடைந்த காலோடு இருக்கும் ஆடே மேல்.

டென்மார்க்கின் காகித இதயங்கள் வேறு வகை. இருநிறக் காகிதத்தை மடித்து, கீறி, ஒன்றினுள் ஒன்றாகக் கோத்துப் பின்னினால் உள்ளே மிட்டாய் போடக்கூடிய ஒரு சிறு கூடையாகும். கைப்பிடி ஒட்டி மரத்தில் தொங்கவிடுவார்கள். இன்று பாதுகாக்கப்படும் மிகப் பழைய இதயம் என்று சொல்லப்படுவது, கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860இல் செய்த, பச்சையும் மஞ்சளுமான ஒன்று. வீட்டுப் பிள்ளைகள் செய்பவை என்பதால் இவற்றுக்குப் பெரிய விலை கிடையாது; பெரும்பாலும் வேறு பொருள்களோடு ஒரே பெட்டியில் கலந்து வரும். கோணலாகக் கீறப்பட்டு, பின்னல் நடுவில் தடுமாறி, எப்படியோ முடிக்கப்பட்ட இதயங்களையே நான் தேடி எடுக்கிறேன்.

ஜனவரி 13ஆம் தேதி, புனித க்னூத் நாளில், ஸ்வீடன் வீடுகளில் மரம் வெளியேறும். என் ஆடுகளும் அன்றே பெட்டிக்குள் போகும். அமிலமற்ற மெல்லிய காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, ஈரம் ஏறாத அறையில், மேலே வேறு எதையும் அடுக்காமல் வைக்க வேண்டும். அட்டைப்பெட்டி கூடாது, இறுக மூடும் தகரப்பெட்டியே சரி. கதிரில் தப்பித்தவறி ஒரு தானிய மணி தங்கியிருந்தாலும் எலி தேடி வந்துவிடும்.