பூட்டிய வீட்டுக்கும் மின்கட்டணம் வருவதேன்?

இரண்டு மாதங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்று திரும்பியபோது, ஒரு யூனிட்கூட ஓடாத மீட்டருக்கும் கட்டணம் வந்திருப்பதைக் கண்டு எரிச்சலடைந்தேன். அந்த எரிச்சலோடுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் பாதி எரிச்சல் அடங்கியது.

நாம் செலுத்தும் தொகையில் மின்சாரத்தின் விலையும், அதை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் வலையமைப்பின் செலவும் கலந்திருக்கின்றன. உயரழுத்தக் கோபுரங்கள், துணைமின் நிலையங்கள், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், வாசல்வரை வரும் கம்பி ஆகியவற்றை அமைக்க வாங்கிய கடனுக்கான வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் இரண்டாவதில் அடங்கும். ஒரே தெருவில் இரு நிறுவனங்கள் தனித்தனியே கம்பி இழுப்பது வீண்செலவு என்பதால் இத்தொழில் இயல்பாகவே ஏகபோகமாகிவிடுகிறது. ஆகவே எவ்வளவு வசூலிக்கலாம் என்பதைப் பல நாடுகளில் ஓர் ஒழுங்குமுறை ஆணையம் வரையறுக்கிறது.

இச்செலவின் பெரும்பகுதி நாம் எத்தனை யூனிட் செலவழிக்கிறோம் என்பதைப் பொறுத்ததன்று. எல்லோரும் ஒருசேர மின்சாரம் இழுக்கும் அந்த உச்ச நேரத்தைத் தாங்கும் அளவுக்குக் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் அமைந்திருக்க வேண்டும். மற்ற நேரங்களில் அவை பாதிச் சுமையோடு கிடந்தாலும் வட்டி குறையாது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஹாப்கின்சன் 1892ஆம் ஆண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டி, தயார்நிலைக்கு ஒரு கட்டணமும் பயன்பாட்டுக்கு ஒரு கட்டணமும் எனப் பிரிக்க வேண்டுமென்றார்.

வணிக இணைப்புகளில் இப்பிரிவினை வெளிப்படையாகவே தெரியும். முப்பது நாளும் இடைவிடாமல் 10 கிலோவாட் இழுக்கும் குளிர்பதனக் கிடங்கும், நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும் 60 கிலோவாட் இழுக்கும் பட்டறையும் மாதத்துக்கு 7,200 யூனிட்தான் செலவழிக்கின்றன. ஆனால் பட்டறைக்கு ஆறு மடங்கு திறனை ஒதுக்கிவைக்க வேண்டியிருப்பதால், அதன் கேட்புக் கட்டணமும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச அளவுக்கான கட்டணமும், ஆறு மடங்காகும். இக்கேட்பைப் பெரும்பாலும் 15 அல்லது 30 நிமிடச் சராசரியாக அளக்கிறார்கள். எனவே எல்லா மோட்டார்களையும் ஒரே நேரத்தில் ஓட்டிய ஒரே ஒரு காலைப்பொழுது அம்மாதக் கட்டணத்தையே உயர்த்திவிடும். கிலோவாட்டுக்குப் பதிலாக, கம்பி சுமக்கும் மொத்தத் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. கணக்கில் அளந்தால் திறன் காரணியும், அதாவது அம்மொத்தத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கும், சேர்ந்துகொள்கிறது: 60 கிலோவாட் சுமைக்கு அது 0.8 ஆக இருந்தால் கேட்பு 75 கே.வி.ஏ.; கெப்பாசிட்டர் பொருத்தி 0.95க்கு உயர்த்தினால் ஏறத்தாழ 63. உயரழுத்த இணைப்பு பெறும் பெரிய ஆலைகளுக்குக் கம்பிச் செலவு யூனிட்டுக்குக் குறைவாக விழுவது பலருக்குச் சலுகையாகத் தோன்றும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரையும் தாழ்வழுத்தக் கம்பியையும் அவை பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் முதன்மைக் காரணம்.

வீடுகளின் உச்சங்கள் ஒரே நிமிடத்தில் வருவதில்லை. பழைய மீட்டர்களும் யூனிட்டை மட்டுமே எண்ணின. அதனால் வலையமைப்பின் செலவைச் சிறிதளவு நிலைக்கட்டணமாகவும் மீதியை யூனிட்டின் மேலேற்றியும் வாங்கிவந்தார்கள். கூரையில் சூரியத் தகடு வந்ததும் இந்த ஏற்பாடு தள்ளாடத் தொடங்கியது. பகலில் யூனிட் வாங்காத வீடு, இரவுச் சுமைக்கு அதே கம்பியைத்தான் நம்பியிருக்கிறது. அது செலுத்தாமல் விட்ட பங்கு தகடு இல்லாத வீடுகளின் மேல் விழுகிறது. நிலைக்கட்டணத்தைக் கூட்டினால் இது சரியாகும் என்பார்கள். ஆனால் இரண்டு விளக்கு மட்டும் எரியும் வீடும் நான்கு ஏ.சி. ஓடும் வீடும் ஒரே நிலைக்கட்டணம் செலுத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை. அடங்காத பாதி எரிச்சல் இதுதான். ஸ்மார்ட் மீட்டர் இருக்கும் இடங்களில் வீட்டுக்கும் உச்ச நேரக் கேட்பை அளந்து வசூலிப்பதே நியாயம் என்று எண்ணுகிறேன், மாலையில் வேலை முடிந்து வந்து சமைப்பவர்களால் அந்த நேரத்தை எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது என்பது தெரிந்தேதான்.