‘ஃபிட்’ என்று எழுதித் தந்த பிறகு

தகட்டை மெஷினில் அடித்து வெட்டும் பிரஸ் ஷாப்பில் யாருக்காவது விரல் மாட்டினால், ரத்தம் நிற்பதற்கு முன்பே ஒரு விஷயம் முடிவாகிவிடும். தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ-யா, வெளியா? வெளி என்றால் பக்கத்துத் தெரு தனியார் ஆஸ்பத்திரி. பில்லை முதலாளி கட்டுவார், கையில் கொஞ்சம் பணமும் கொடுப்பார், யாராவது கேட்டால் வீட்டில் கிரைண்டரில் மாட்டியது என்று சொல்லச் சொல்வார். ஈ.எஸ்.ஐ என்றால் படிவம் 12 என்ற விபத்து அறிக்கை போக வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த மெஷினில், என்ன செய்துகொண்டிருந்தபோது, யார் பார்த்தது எல்லாம் அதில் எழுத வேண்டும். அப்புறம் விசாரிக்க ஆள் வரலாம். வெளியே போகலாமா என்று அத்தனை கரிசனமாகக் கேட்பது இதனால்தான்.

2018-இல் எனக்கு அந்த முறை வந்தது. கோவையில் கணபதி பக்கம், பம்ப் மோட்டாருக்கு ஸ்டாம்பிங், அதாவது தகடு வெட்டி, அடிக்கும் சின்ன யூனிட். முடிவெடுக்கும் நிலையில் நான் இல்லை. பிரஸ்ஸில் டை என்கிற வெட்டு அச்சைப் பொருத்தும் வயதான ஃபிட்டர் ஒருவர் என் கையைத் துணியால் சுற்றிப் பிடித்தபடி, "ஈ.எஸ்.ஐ-க்கே வண்டிய விடச் சொல்லு கண்ணு. பில்லு இன்னிக்கு ஒரு நாளைக்குக் கட்டுவாங்க. பென்சன் யாரு தருவா?" என்றார். அந்த நேரத்தில் பென்சனைப் பற்றி யோசிக்க அவர் ஒருவரால்தான் முடிந்தது. அவருக்கே வலது கையில் சுண்டுவிரல் கிடையாது.

மாட்டியது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பழைய ‘பின் கிளட்ச்’ பிரஸ் அது. பெடலை மிதித்தால் ‘பின்’ என்ற இரும்பு முளை, சுற்றிக்கொண்டே இருக்கும் ஃபிளைவீல் சக்கரத்தோடு பூட்டிக்கொள்ளும். மேலிருந்து அடிக்கும் ராம் முழுதாக இறங்கி ஏறிய பிறகுதான் விடும். நடுவில் நிறுத்த வழியே இல்லை. அந்த முளை தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, காலை எடுத்த பிறகும் இன்னொரு அடி தானாக இறங்கும். ‘டபுள் அடிக்குது’ என்போம். அந்த மெஷின் டபுள் அடிக்கிறது என்று நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம். ஆர்டர் முடியட்டும் என்றார்கள். சென்சார் வைத்தால் தீர்ந்ததே என்று சிலர் சொல்வார்கள். பாதி வழியில் நிற்காத மெஷினுக்கு, கை உள்ளே இருக்கிறது என்று சென்சார் காட்டி என்ன பயன்? முதலில் கிளட்சை மாற்ற வேண்டும்.

இடது ஆள்காட்டி விரல், நடு மூட்டு வரைக்கும். பையன்கள் துண்டை எடுத்து நேராக ஐஸ்கட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தார்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டுமாம். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டுவிடும். என் விஷயத்தில் எப்படி வைத்திருந்தாலும் ஒன்றுதான். கத்தியில் வெட்டியது போல் சீராகத் துண்டானால் ஒட்டவைக்கப் பார்க்கலாம், பிரஸ் நசுக்கித் துண்டாக்குகிறது. டாக்டர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எலும்பைச் சீர்செய்து தோலை மூடித் தைத்துவிடலாம் என்றார். கூட வந்த பையன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, தாகம்தான் எடுத்தது.

தையல் ஆறியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிசியோதெரபி அதற்கப்புறம்தான் தொடங்கியது. விரல் போனது ஒன்று, அசைக்காமல் வைத்திருந்ததில் பக்கத்து விரல்களும் இறுகிப்போய், கையை முழுதாக மூட முடியவில்லை. உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுத்து, சூடு ஆறுவதற்குள் மடக்கி நீட்டிப் பழக வேண்டும். அது வலி என்றாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி. பொறுக்க முடியாதது விரல் நுனி. வெட்டுப்பட்ட நரம்பு முனை அங்கே தோலுக்கு அடியில் இருக்கிறது. சட்டை உரசினால் ஷாக் அடிக்கும். மின்விசிறிக் காற்று பட்டாலே கையை இழுத்துக்கொள்வேன்.

அதற்கு அந்தப் பிசியோ அம்மா சொன்ன வைத்தியம் வீட்டில்தான். முதலில் பஞ்சால் தடவு, அப்புறம் டவல், அப்புறம் ஒரு டப்பாவில் அரிசியைக் கொட்டி அதற்குள் கையை விட்டுக் கிளறு. நுனியை மேசைமேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே இரு. நரம்புக்கு இது ஆபத்தில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்து அரிசி கிளறினேன். என் மகளும் எதிரே உட்கார்ந்து கிளறுவாள். அவளுக்கு அது விளையாட்டு. இதற்கிடையில் என்னைக் கேட்காமலே இன்னொன்றும் நடந்தது. எதைப் பிடிக்கப் போனாலும் கட்டைவிரல் ஆள்காட்டியை விட்டுவிட்டு நடுவிரலைத் தேடிப் போக ஆரம்பித்திருந்தது. பட்டன் போடுவதும் பைக் கிளட்சைப் பிடிப்பதும் அப்படித்தான் திரும்ப வந்தன.

காசு விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணக் காய்ச்சலுக்கு ஈ.எஸ்.ஐ தருவது கூலியில் 70 சதவீதம். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம், வேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதும் வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கூலியில் 90? சம்பளச் சீட்டில் காட்டிய கூலியில். எங்கள் யூனிட்டில் ஓ.டி. (ஓவர்டைம்) காசு கணக்கில் சேராமல் கவரில் வரும், கவருக்கு ஏது ஈ.எஸ்.ஐ. வீடு ஓடுவதோ கவரையும் சேர்த்துத்தான். அதனால்தான் பிரஸ் ஷாப்காரன் கை முழுதாக மூடுவதற்கு முன்பே டாக்டரிடம் போய், ‘ஃபிட்’ எழுதிக் கொடுங்கள் சார் என்று கெஞ்சுகிறான். அவசரப்படாதே என்று புத்தி சொல்பவர்கள் வாடகையைக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம் மெடிக்கல் போர்டு, ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் டாக்டர்கள். எந்த விரல் எவ்வளவு போனால் எத்தனை சதவீதம் என்பதற்குச் சட்டத்திலேயே அட்டவணை உண்டு. கட்டைவிரல் முழுதாகப் போனால் 30. ஆள்காட்டி முழுதாகப் போனால் 14, என்னைப் போல இரண்டு கணு போனால் 11. மாதாமாதம் வருகிற பென்சன் இந்த எண்ணைப் பொறுத்தது. உதாரணத்துக்கு, ஒருவருடைய நாள் கூலி 500 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 450. அதில் 11 சதவீதம், நாளைக்கு 49 ரூபாய் 50 காசு. பெரிய தொகை இல்லை, ஆனால் ஆயுள் முழுக்க வரும். வேலைக்குத் திரும்பினால் பென்சன் நின்றுவிடும் என்று எங்கள் லைனில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். நிற்காது. சம்பளம் தனி, அது தனி. வெளியே வைத்தியம் பார்த்து, கிரைண்டரில் மாட்டியது என்று சொன்னவனுக்கு இதில் ஒரு பைசா கிடையாது.

திரும்பிப் போன கதை இதைவிடக் கரடுமுரடு. சர்டிபிகேட்டில் இரண்டே நிலைதான்: தகுதி இல்லை, தகுதி உண்டு. ‘கொஞ்ச நாள் லேசான வேலை’ என்று என் தாளில் யாரும் எழுதவில்லை. உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஆளை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்றது அப்போது இருந்த ஈ.எஸ்.ஐ சட்டத்தின் 73-ஆவது பிரிவு. திரும்பி வந்த பிறகு எந்த மெஷினில் நிறுத்துவது என்பது சூப்பர்வைசர் கையில். "ஃபிட்னுதானே எழுதிருக்கு, போய் உன் மெஷின்ல நில்லு" என்றார் அவர். நான் நிற்கவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. பக்கத்து பிரஸ் இறங்கும் சத்தத்துக்கே என் கை தானாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கையோடு டைக்குள் தகட்டுப் பட்டையைத் தள்ள முடியாது. அதையே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துவிட்டு, "சரி, செக்கிங்ல உக்காரு" என்றார். செக்கிங்கில் ஓ.டி. கிடையாது, கவர் மெலிந்தது. ஒத்துக்கொண்டேன்.

செக்கிங் என்றால் அடித்த தகடுகளின் பிசிறை மைக்ரோமீட்டரில் பார்ப்பது. தகடு முனை விரல் நுனியில் பட்டால் உயிர் போகும். கையுறை போட்டால் காலி விரல் தொங்கிக்கொண்டு தகட்டில் சிக்குகிறது. இடது கையுறையின் அந்த விரலைப் பாதியில் வெட்டி, உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டேன். இப்போது டஜன் வாங்கினால் டஜனையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தைத்துவிடுவேன். குளிர்காலக் காலை ஷிப்டில் தகடு ஜில்லென்று இருக்கும்போது இன்றும் நுனி வலிக்கும்.

அந்த பிரஸ்ஸில் இப்போது பீகார் பையன் ஒருவன் நிற்கிறான். கிளட்சை மாற்றிவிட்டார்கள், இரண்டு கையாலும் பட்டன் அழுத்தினால்தான் இறங்கும். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கே இல்லை, முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. ஆனால் பெயர் பதிவாகியிருந்தால்தான் சிக்கல் இல்லை. அவன் சேர்ந்து ஒரு வாரம் ஆகியும் ஈ.எஸ்.ஐ நம்பர் வரவில்லை. டைம் ஆபீஸில் போய்க் கேட்டேன். அடுத்த மாதம் மொத்தமாகப் போட்டுக்கலாம் என்றார்கள். ஆதாரும் போனும் இருந்தால் இன்றைக்கே ஆன்லைனில் போடலாமே என்று அங்கேயே நின்றேன். உனக்கென்ன அவன்மேல் இத்தனை அக்கறை என்று கேட்டார் கிளார்க். இடது கையை மேசைமேல் வைத்தேன். சாயந்திரத்துக்குள் நம்பர் வந்துவிட்டது.