பத்திரம் இல்லாத பிள்ளைக்குச் சபை என்ன செய்யலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் பிறனை எப்படி நேசிப்பது என்று கேட்கும் சபை இளைஞர்களுக்கு: பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பிரசங்கத்தை விட அவசரமான ஊழியம் இது.

தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு, விசாரணை, அலைச்சல். 12 வயதில் மைகார்டு (அடையாள அட்டை) எடுக்கும்போதுதான் சில வீடுகளில் விஷயமே வெளியே வரும்.

சிக்கலின் வேர் பல நேரம் கல்யாணம். கோயிலில் தாலி கட்டியிருப்பார்கள், தேவாலயத்தில் மோதிரம் மாற்றியிருப்பார்கள். 1976 திருமணச் சட்டப்படி பதிவு இருக்காது. அப்போது பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரைச் சேர்க்கத் தாயும் தகப்பனும் சேர்ந்தே கேட்க வேண்டும். தாய் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையின் குடியுரிமைக்கே சிக்கல். (உங்கள் போதகர் திருமணத் துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டவரா என்று கல்யாணத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.)

குடும்பத்தோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போகிறவர் மருத்துவமனை தந்த பிறப்பு உறுதிப் பாரம், கிளினிக்கின் கர்ப்பகாலப் புத்தகம், பெற்றோரின் அடையாள அட்டை, திருமணப் பத்திரம் எல்லாவற்றையும் அசலும் நகலுமாக முதல் நாளே சரிபாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பக்கூடும். வீட்டுப் பிரசவம் என்றால் பார்த்தவரைத் தேடிப் பிடியுங்கள். தினக்கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போகும். அதையும் பஸ் காசையும் சபை நிதியிலிருந்து கொடுங்கள்.

ஆராதனைக்கு வரச் சொல்லி நிபந்தனை வைக்காதீர்கள். அந்தக் குடும்பத்தின் பெயரைச் சாட்சி நேரத்தில் சொல்லவும் வேண்டாம்.