நவோனா சதுக்கத்தில் கங்கை

ரோம் நகரத்தில் தெருவுக்குத் தெரு நீரூற்று. ஒன்றே ஒன்றைத்தான் நின்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால், ட்ரேவியை விட்டுவிட்டு நவோனா சதுக்கத்துக்குப் போங்கள். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடைதான். காலையில் சீக்கிரம் போய்விட்டால் ஓவியம் விற்பவர்கள் கடை விரிப்பதற்குள் ஆற அமரச் சுற்றி வரலாம்.

சதுக்கம் என்றாலும் இடம் சதுரமாக இல்லை. நீளவாக்கில் போய் வடக்கு முனையில் வளைகிறது. முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் இங்கே ஓட்டப்பந்தய மைதானம் கட்டினார். பார்வையாளர் படிகள் இருந்த இடத்தில்தான் இன்றைய கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. நடுவில் ஓடுகளம் அப்படியே வெளியாக நிற்கிறது. இங்கிருக்கும் மூன்று நீரூற்றுகளில் நடுவில் இருப்பது சிற்பி பெர்னினியின் 'நான்கு ஆறுகள்'. பத்தாம் இன்னசென்ட் போப்பின் ஆணைப்படி 1648இல் வேலை தொடங்கி 1651இல் திறந்தார்கள். போப்பின் குடும்ப மாளிகையும் இதே சதுக்கத்தில்தான் இருக்கிறது.

ஐரோப்பாவின் டான்யூப், ஆப்பிரிக்காவின் நைல், ஆசியாவின் கங்கை, தென் அமெரிக்காவின் ரியோ டி லா பிளாட்டா. அன்றைய ஐரோப்பியர் அறிந்த நான்கு கண்டங்களுக்கு ஆளுக்கொரு ஆறு. நான் முதலில் தேடியது கங்கையைத்தான். தாடி வைத்த, கட்டுமஸ்தான ஓர் ஆண், கையில் நீண்ட துடுப்போடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்! கங்கையைத் தாயாகவே கும்பிட்டு வளர்ந்த எனக்கு இது கங்கை என்று மனதில் பதியவே கொஞ்ச நேரம் பிடித்தது. ரோமானிய மரபில் ஆற்றுத் தெய்வங்கள் ஆண்கள். படகு போகுமளவு பெரிய ஆறு என்று காட்டத்தான் அந்தத் துடுப்பு. பெர்னினியின் திட்டப்படி இதைச் செதுக்கியவர் கிளாட் பூசன் என்ற சிற்பி. நைலின் தலையைத் துணி மூடியிருக்கிறது. அந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று அன்றைய ஐரோப்பாவுக்குத் தெரியாது. பிளாட்டாவின் பக்கத்தில் நாணயங்கள் சிதறிக் கிடக்கின்றன. அது அமெரிக்காவின் செல்வம்.

பிளாட்டா கையை உயர்த்தியிருப்பது, எதிரில் கட்டடக் கலைஞர் பொரோமினி கட்டிய தேவாலயம் இடிந்து விழுமோ என்ற பயத்தில்தான் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நடந்திருக்க வாய்ப்பில்லை. தேவாலய வேலை தொடங்கியதே 1652இல், ஊற்று திறந்த பிறகு.

என்னை அசையவிடாமல் நிறுத்தியது பாறைதான். கரடுமுரடான டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல்லை நான்கு பக்கமும் குகை போலக் குடைந்திருக்கிறார்கள். குனிந்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிகிறது. அந்த வெற்றிடத்துக்கு நேர் மேலே, பதினாறு மீட்டருக்கும் அதிக உயரமுள்ள கிரானைட் தூண் நிற்கிறது! பாரம் முழுவதையும் ஓரங்களுக்குத் தள்ளிவிட்டு நடுவைக் காலியாக விட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! டொமிஷியன் காலத்துத் தூண் அது. பிறகு ஆப்பியன் சாலையோரத்து மாக்சென்டியஸ் பந்தயத் திடலில் உடைந்து கிடந்த துண்டுகளை எடுத்துவந்து இங்கே ஒட்டி நிறுத்தினார்கள். உச்சியில் போப்பின் குடும்பச் சின்னமான புறா.

அவசரப்படாமல் கீழேயும் பாருங்கள். குகைக்குள்ளிருந்து ஒரு சிங்கம் தண்ணீர் குடிக்க இறங்குகிறது. அதன் பக்கத்திலிருக்கும் பனை வகை மரத்தின் ஓலைகள் காற்றில் ஒருபுறமாக ஒதுங்கியது போலச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிப் போனால் பாய்ந்து வரும் குதிரை. எங்கே நின்றாலும் பாதிதான் கண்ணில் படும். மீதிக்கு நடந்தே ஆக வேண்டும்.

1652 முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, ஆகஸ்ட் மாதத்தில் வடிகாலை அடைத்துச் சதுக்கத்தை ஏரியாக்குவார்களாம். பணக்காரர்களின் குதிரை வண்டிகள் தண்ணீருக்குள் ஓடும்.

இவ்வளவு அழகும் மக்களின் வயிற்றில் அடித்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பஞ்ச காலம். செலவுக்காக ரொட்டி மீதே வரி போட்டார்கள். எங்களுக்குத் தூணும் ஊற்றும் வேண்டாம், ரொட்டிதான் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் எழுதி வைத்தார்கள். ஆட்சியாளர்களைத் திட்டிப் பெயரில்லாமல் எழுதி ஒட்டும் பழக்கம் அந்த ஊரில் அதற்கு முன்பே உண்டு. பாஸ்குவினோ என்ற சிதைந்த பழஞ்சிலைதான் அதற்கு இடம். சதுக்கத்தின் தென்மேற்கு மூலையைத் தாண்டியதும் இருக்கிறது. இன்றைக்கும் அங்கே ஆட்கள் காகிதம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊற்றைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.