சாப்பிட்ட பிறகு ஊதினால் 5 காட்டுகிறதா? காட்டட்டும்

லூமன் மாதிரிக் கையடக்க மூச்சுக் கருவி வாங்கியவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. மத்தியானம் இங்கே சிங்கப்பூரில் தேக்காவில் தோசை சாப்பிட்டார்களாம், வீட்டுக்கு வந்து ஊதினால் 5 காட்டுகிறதாம், அப்படியென்றால் கொழுப்பு கரையவே இல்லையா என்று. அந்த 5-ஐக் குறைக்க அடுத்த வேளை சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். இது தேவையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த எண் சொல்வது, உடம்பு இப்போது எதை எரிக்கிறது என்பதை மட்டும்தான். 1 என்றால் பெரும்பாலும் கொழுப்பு, 5 என்றால் பெரும்பாலும் மாவுச்சத்து. குளுக்கோஸை எரிக்க எவ்வளவு பிராணவாயு உள்ளே போகிறதோ அதே அளவு கரியமில வாயு வெளியே வரும், விகிதம் 1.0. கொழுப்பை எரிக்கப் பிராணவாயு அதிகம் வேண்டும், அதனால் விகிதம் 0.7 அளவுக்கு இறங்கும். ஆய்வுக்கூடத்தில் இரண்டு வாயுவையும் அளப்பார்கள். கையில் பிடிக்கும் கருவியோ கரியமில வாயுவை மட்டும் அளந்து மற்றதைக் கணித்துச் சொல்கிறது. மேம்பாலப் படி ஏறி இறங்கி, மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்த கையோடு ஊதினால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மூச்சு நிதானமான பிறகு ஊதுங்கள்.

சரி, தோசைக்கு வருவோம். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறுகிறது, தசைகள் சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன, கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு வெளியேறுவதை அதே இன்சுலின் அடக்கி வைக்கிறது. எண் ஏறத்தான் வேண்டும்! இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களிடம்தான் இந்த ஏற்றமும் இறக்கமும் மந்தமாக இருக்கும். இரவெல்லாம் வயிறு காலியாக இருந்தும் காலையில் விகிதம் போதுமான அளவு இறங்காது, இன்சுலின் ஏறும்போது அது சரியாக உயரவும் உயராது. அதனால் சாப்பிட்ட பிறகு வந்த ஒற்றை எண்ணைப் பார்த்துக் கலங்காமல், மறுநாள் காலைக்குள் அது இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. என் அத்தைக்கு நீரிழிவு, பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். அவருடைய மகன் இந்தக் கருவியை வாங்கிக் கொடுத்த பிறகு விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதையே நிறுத்திவிட்டார். "காலையில ஊதினா ஒண்ணுதான் காட்டுது, அப்புறம் எதுக்குக் குத்தணும்?" என்றார். வற்புறுத்திக் குத்திப் பார்க்கச் சொன்னேன், வெறும் வயிற்றிலேயே 9 mmol/L-க்கு மேல். மூச்சில் வரும் கரியமில வாயு இரத்தச் சர்க்கரையைச் சொல்லாது. இன்சுலின் போதாதபோது உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கும், அந்த நேரத்தில் கருவி அழகாக 1 காட்டும், இரத்தத்தில் சர்க்கரை தேங்கிக் கிடக்கும். இங்கே சிங்கப்பூர் அரசாங்கம் 2016-இல் நீரிழிவின் மீது போர் என்று அறிவித்தது, இந்தியர்களான நம்மிடம்தான் சீனர்களைவிட இந்த நோய் அதிகம். குத்திப் பார்ப்பதையும் மாத்திரையையும் ஒரு மூச்சுக் கருவியை நம்பி விடவே விடாதீர்கள், ப்ளீஸ்.

எல்லா மூச்சுக் கருவியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில கருவிகள் கொழுப்பு எரியும்போது உண்டாகும் அசிட்டோனை அளக்கும், மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துச் சாப்பிடுபவர்களுக்குத்தான் அது பொருந்தும். ஃபுட்மார்பிள் போன்றவை ஹைட்ரஜனை அளக்கின்றன. நம் செல்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை, குடலில் இருக்கும் பாக்டீரியாதான் செரிக்காமல் வந்த பருப்பையும் வெங்காயத்தையும் பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸையும் புளிக்க வைத்து உண்டாக்குகிறது. சாம்பார் சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து எண் ஏறுவது அதனால்தான்.

அத்தைக்குத் தே தாரிக், அதாவது பால் தேநீர், குடித்தால் வயிறு உப்பும், வருஷக்கணக்கில் அந்தத் தொல்லை. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லையா என்று பார்க்க மருத்துவமனையிலேயே ஹைட்ரஜன் மூச்சுச் சோதனை செய்வார்கள், வெறும் வயிற்று அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் லாக்டோஸ் சரியாகச் செரிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அடுத்த முறை மருந்தகம் போகும்போது டாக்டரிடம் அதைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.