ரப்பர் புழுக்கள் எங்கே போகின்றன?

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு மீன்பிடிச் சாமான் கடையில் வேலை செய்கிறேன். கோல், ரீல், தங்கூசி, முள், ஈயக்குண்டு, உயிர் மண்புழு எல்லாம் விற்கிறோம். ஆனால் பாஸ் என்ற நன்னீர் மீனின் பருவம் தொடங்கும் ஜூனிலிருந்து கடையைத் தூக்கி நிறுத்துவது ஒரு முழுச் சுவர் நிறையத் தொங்கும் ரப்பர் புழுப் பைகள்தான். மீனை ஏமாற்ற முள்ளில் குத்தும் மென்மையான போலித் தீனிகள் இவை. பச்சை, கறுப்பு, தர்ப்பூசணி நிறம், மினுக்குத் தூள் கலந்தது, புழு வடிவம், நண்டு வடிவம், பல்லி வடிவம் என்று அத்தனை வகை. சுவரின் ஒரு மூலையை நிரப்பி முடிப்பதற்குள் மறு மூலை காலியாகிவிடும்.

அந்தச் சுவரை அடிக்கடி நிரப்புகிறவனுக்கு ஒரு கேள்வி வராமல் இருக்காது. கோல் வாங்கியவர் பல வருடங்களுக்குத் திரும்பி வருவதில்லை. பதினைந்து டொலருக்கு மேல் கொடுத்துக் கடினப் பிளாஸ்டிக் மீன் வாங்கியவர் அது மரக்கொம்பில் சிக்கினால் படகைத் திருப்பி, கையை நீட்டி, சிலவேளை தண்ணீரில் இறங்கியும் எடுத்துவிடுவார். ரப்பர் புழு வாங்குகிறவரோ இரண்டு வாரத்தில் மறுபடி வந்து நிற்பார். பெற்றோல் எரிந்து தீர்வதுபோல் இந்தப் புழு தீர்வதில்லை. பை காலி என்றால் அதிலிருந்தவை வேறெங்கோ கிடக்கின்றன என்றுதான் அர்த்தம். எங்கள் விற்பனைக் கணக்கின் பெரும்பகுதி உண்மையில் ஏரிகளுக்குள் போனவற்றின் கணக்கு. இந்த எண்ணம் வந்தபிறகு அந்தச் சுவரை என்னால் முன்புபோல் பார்க்க முடியவில்லை.

இவற்றில் பெரும்பாலானவை பிவிசி என்ற பிளாஸ்டிக். பிவிசி தனியாக இருந்தால் கடினமானது, தண்ணீர்க் குழாய் செய்வதும் அதில்தான். பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தை நிறையக் கலந்து, ஏறக்குறைய 175 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி அச்சில் ஊற்றினால் இந்த மென்மை வரும். உப்பு, நிறம், பூண்டு அல்லது இறால் வாசனை எல்லாம் அதற்குமேல் சேர்ப்பவை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949இல் இப்படி ஒரு புழுவை வார்த்தார், பிறகு விற்கவும் தொடங்கினார். அதன்பிறகு வட அமெரிக்காவின் பாஸ் மீன்பிடியே மாறிப்போனது.

அந்த எண்ணெய் புழுவுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். சாதாரணப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இந்தப் புழுவைப் போட்டு மறந்துவிட்டால் பெட்டி பிசுபிசுத்து உருகிப்போகும். வேறு மூலப்பொருளில் செய்த மென்புழுவோடு சேர்த்து வைத்தால் இரண்டும் கரைந்து ஒரே களியாகிவிடும். அதனால்தான் "வாங்கின பையிலேயே வையுங்கோ" என்று எல்லோருக்கும் சொல்கிறோம். பெட்டியைக் காப்பாற்றச் சொல்லும் இந்த அறிவுரையை ஏரிக்காக யாரும் சொன்னதில்லை.

சரி, எப்படித் தொலைகின்றன? கல்லிலும் மரத்திலும் சிக்கி அறுவது ஒரு பகுதி. அதைத் தவிர்ப்பது கடினம். எனக்கு உறுத்துவது மற்ற பகுதி. இப்போது மிகப் பிரபலமான முறை 'வாக்கி ரிக்'. உப்புக் கலந்த தடித்த புழுவின் நடுவே முள்ளைக் குத்தி எறிவார்கள். இரு முனையும் துடித்தபடி அது மெல்லக் கீழே இறங்கும். பாஸ் மீன் விடவே விடாது. உப்பு சேர்ந்த புழு இலகுவில் கிழியும். வேகமாக எறியும்போது கழன்று பறக்கும். மீன் பிடிபட்டுத் தலையை உதறும்போது முள் வாயில் நிற்கும், புழு தண்ணீரில் போகும். அதற்கும்மேல், பாதி கிழிந்த புழுவை முள்ளிலிருந்து கழற்றி, படகின் ஓரத்தால் வெளியே எறிந்துவிட்டு, பையிலிருந்து புதிதை எடுப்பது பலருக்குக் கைப்பழக்கம். பியர் கானை எறியாத, மிட்டாய்த் தாளைக்கூடச் சட்டைப்பைக்குள் வைக்கிற நல்ல மனிதர்களும் இதைச் செய்கிறார்கள். விலை ஒரு டொலர்கூட இல்லை, உருவமும் புழு. குப்பை என்றே அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கிழக்கு ஒன்ராறியோவில் சார்ள்ஸ்ரன் ஏரி என்று ஆழமான, தெளிந்த ஏரி ஒன்று உண்டு. அங்கே லேக் ட்ரவுட் மீனை வெட்டும்போது வயிற்றில் ரப்பர் புழு இருந்ததாக மீன்பிடிப்பவர்கள் சொல்லத் தொடங்கியதால், ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். அவர்கள் விசாரித்த மீன்பிடிப்பவர்களில் 17.9 வீதமானோர் அப்படிக் கண்டதாகச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் தாங்களே பிடித்துப் பார்த்த மீன்களில் அளவு குறைவு: லேக் ட்ரவுட்டில் 2.2 வீதம், ஸ்மோல்மவுத் பாஸில் 3.4 வீதம். கரையோரத்தில் நீந்தித் தேடியதை வைத்து, ஒரு கிலோமீட்டர் கரைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 80 புழுக்கள் வரை சேரக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். இரண்டு வருடம் தண்ணீரில் ஊறப்போட்டும் பார்த்தார்கள். பெரும்பாலானவை உக்கவில்லை, ஊறிய கொண்டைக்கடலைபோல் பெருத்தன. 4 பாகைக் குளிர்நீரிலேயே எடை சராசரியாக 61 வீதம் கூடியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் அதைவிடவும் அதிகம்.

2.2 வீதம் சின்ன எண்தானே என்று கடைக்கு வரும் சிலர் கேட்பதுண்டு. இரண்டு வருடம் உக்காத பொருள், ஒவ்வொரு ஆண்டும் புதிதாக 80 வரை வந்து சேரக்கூடிய கரை. அந்த எண் அப்படியே நிற்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2009இல் வெளியான ஆய்வக வேலை ஒன்றில், அடியில் கிடந்த மென்புழுக்களைப் பாதிக்கு மேற்பட்ட புரூக் ட்ரவுட் மீன்கள் தாமாகவே விழுங்கின. விழுங்கியவை எடை இழந்தன, சிலவற்றுக்குத் தீனியிலேயே நாட்டம் போய்விட்டது. அதே மாநிலத்தில் 2013இல் இவற்றைத் தடைசெய்ய ஒரு மசோதா வந்தது. எதிர்ப்புப் பலமாக இருந்ததால் 'ஆராய்ந்து சொல்லுங்கள்' என்று மாற்றப்பட்டது. மறு வருட அறிக்கை தடை வேண்டாம், மக்களுக்கு எடுத்துச் சொல்வதே போதும் என்றது. எடுத்துச் சொல்வது நல்லதுதான். ஆனால் யார் சொல்வது? மீன்பிடிப்பவர் ஏரிக்குப் போகுமுன் கடைசியாக நின்று கதைக்கும் இடம் எங்கள் கல்லாப்பெட்டி. அங்கே நாங்கள் வாய் திறக்காவிட்டால் அந்த அறிக்கை வெறும் தாள்.

கோடையில் கடைக்கு வரும் ஐயா ஒருவர் யாழ்ப்பாணத்தின் கரையோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். பேரனுக்கு வாங்க வந்தபோது ஒரு பையை எடுத்து விரலால் அமத்திப் பார்த்தார்.

"தம்பி, இது தண்ணிக்குள்ள கிடந்தா கரையுமோ?"

"இல்லை ஐயா, கரையாது."

"நாங்கள் இறாலைக் கோத்துப் போடுவம். முள்ளில இருந்து விழுந்தா நண்டு திண்டிடும். இதை ஆர் தின்னுறது?"

கடையில் எனக்குக் கிடைத்த கேள்விகளில் இதைவிடச் சரியானது இல்லை.

அதற்காக உயிர்த்தீனிக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஒன்ராறியோவில் நாங்கள் விற்கும் மண்புழுவே வெளியிலிருந்து வந்த இனம். பனியுகத்தில் இங்கிருந்த மண்புழுக்கள் அழிந்தன, இப்போதிருப்பவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பியர்களோடு வந்தவை. மிஞ்சிய புழுவைக் காட்டோரம் கொட்டினால் அது நிலத்தின் இலைச்சருகுப் படையைத் தின்று தீர்த்துவிடும். உயிருள்ள சிறு மீன்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் நோயும் அந்நிய இனமும் சேர்ந்து போகும். 2022 முதல் மாகாணம் இதில் கட்டுப்பாடுகளைக் கடுமையாக்கியதும் அதனால்தான். நீரை அடிப்படையாகக் கொண்ட, உக்கக்கூடிய தீனிகளும் இருக்கின்றன. திறந்து வைத்தால் காய்ந்து கல்லாகிவிடுகின்றன என்று சிலர் திரும்ப வாங்குவதில்லை. நான் அவற்றைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன். 'உக்கும்' என்று பையில் இருந்தால் குளிர்ந்த ஏரியின் அடியில் எவ்வளவு காலத்தில் உக்கும் என்பதையும் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 4 பாகைக் குளிரில் எதுவுமே மெதுவாகத்தான் உக்கும்.

அரசிடமும் எதிர்பார்ப்பு உண்டு. 2022இல் கனடா ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடைசெய்யும் விதிகளைக் கொண்டுவந்தபோது பையும் உறிஞ்சுகுழலும் பட்டியலில் இருந்தன, ரப்பர் புழு இல்லை. ஈயத்தில் அரசு நடவடிக்கை எடுத்திருக்கிறது. லூன் என்ற நீர்ப்பறவைகள் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளுக்கு 1997 முதல் தடை. மென்புழுவில் என்ன பிளாஸ்டிசைசர் இருக்கிறது என்று பையில் எழுதச் சொல்வது அதைவிடச் சிறிய வேலை.

கடைக்குள் என் கைக்கு எட்டிய வேலைகளைச் செய்து வருகிறேன். வாக்கி ரிக் புழு வாங்குகிறவரிடம் ஓ-ரிங்கையும் சேர்த்துக் காட்டுவேன். புழுவின் நடுவில் அந்தச் சின்ன வளையத்தை ஏற்றி, முள்ளை வளையத்துக்குக் கீழே செருகினால் புழு கிழிவது மிகவும் குறையும். ஒரு பை பல மடங்கு நாள் தாங்கும் என்று காசுக் கணக்கில் சொன்னால் உடனே வாங்குகிறார்கள். இரண்டாகக் கிழிந்ததை லைட்டர் சூட்டில் ஒட்டலாம், காற்றோட்டமான இடத்தில் என்று சொல்லித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒட்ட முடியாததற்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருக்கிறோம். வீட்டில் புழு வார்க்கும் ஒருவர் வாளி நிறைந்ததும் எடுத்துப்போய், உருக்கி, மறுபடி அச்சில் ஊற்றுகிறார். நிறங்கள் எல்லாம் கலந்து கரும்பழுப்பாகத்தான் வருகிறது. பாஸ் மீனுக்கு அந்த நிறம் நன்றாகவே பிடிக்கிறது.

இப்போது முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான்: வாளியில் பத்துக் கிழிந்த புழு கொண்டுவந்து போடுபவருக்கு அடுத்த பையில் ஒரு டொலர் விலைக்கழிவு. வருகிற பருவத்துக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறார்.