வற்றாப்பளையில் அப்பாயியின் கரகம்

வைகாசி விசாகப் பொங்கலுக்கு இலங்கையின் முல்லைத்தீவில் இருக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்குப் போவது எங்கள் வீட்டில் என் அப்பாயி தொடங்கி வைத்த வழக்கம். திருச்சிப் பக்கத்தில் இருந்து மலையகத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளை அவர். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தார். இந்த அம்மனை முதன்முதலில் பார்த்தபோது, "இவளும் மதுரைப் பக்கம் இருந்து வந்தவதானே, நம்ம ஆளு" என்றாராம். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் பத்தாப்பளை, அதுதான் வற்றாப்பளை ஆனது என்று இங்கே சொல்வார்கள்.

இந்த முறையும் பரந்தன், புதுக்குடியிருப்பு வழியாகத்தான் போனோம். வட்டுவாகல் பாலத்தில் ஏறியதும் பஸ்ஸில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்த இடத்தில் எப்போதும் அப்படித்தான். கோவிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சனம் நிரம்பி வழிந்தது. கண்ணகியைப் பத்தினித் தெய்யோ என்று கும்பிடும் சிங்களவர்களும் வந்திருந்தார்கள். போன வாரம் கடலில் எடுத்த தீர்த்தத்தை ஊற்றி முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் எரித்த உப்புநீர் விளக்கு அம்மனிடம் வந்துவிட்டது. அதைக் கும்பிட்டுவிட்டு வெளிவீதிக்கு வந்தேன்.

என்னை ஒவ்வொரு வருடமும் இழுப்பது அந்த வெளிவீதிதான். சிவப்பு வேட்டியை இறுக்கி, இடுப்பில் சால்வையை வரிந்து கட்டி, மேலெல்லாம் திருநீறு பூசி, முதுகில் செடில் என்னும் கொக்கிகளைக் குத்திய காவடிக்காரர்கள் பறை அடிக்கு ஏற்பக் கால் மாற்றி ஆடுகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் பால்செம்பும் கற்பூரச்சட்டியும் ஏந்திய பெண்கள், மேலே கொக்கிகளில் தொங்கியபடி வரும் தூக்குக்காவடி. நடுவே ஒரு பிள்ளை, இருபது வயது இருக்கும், மஞ்சள் சேலையை இழுத்துச் செருகி, காலில் சலங்கை கட்டி, தலையில் கரகத்தோடு வந்தாள்.

அப்பாயி சொல்லித் தந்ததால் எனக்குக் கரகத்தைப் பார்த்தாலே பிரித்துச் சொல்ல வரும். தமிழ்நாட்டில் இது இரண்டு வகை. ஒன்று ஆட்டக்கரகம். பித்தளைச் செம்பில் அரிசியோ மணலோ நிரப்பி, அலங்காரக் கூட்டின் உச்சியில் ஒரு கிளிப் பொம்மையைக் குத்தி, ஜிகினா வைத்த உடுப்போடு நையாண்டி மேளத்துக்கு ஆடுவது. நாதசுரம், தவிலோடு பம்பையும் தமுக்கும் சேர்ந்தால் யாருக்கும் கால் நிற்காது. மற்றது சக்திக்கரகம். அதற்கு விரதம் வேண்டும். குடத்தில் தண்ணீர், வேப்பிலை, பூ, எலுமிச்சம்பழம், அவ்வளவுதான், ஜிகினா எதுவும் இல்லை. நீர்நிலையில் இருந்து சுமந்து வந்து மாரியம்மன் சந்நிதியில் இறக்குவார்கள். அப்பாயி சுமந்தது இரண்டாவது. கரகத்தைக் கையால் பிடிக்கக்கூடாது, நாம் அதைத் தாங்கவில்லை, அது நம்மை நடத்துகிறது என்பார். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பார்த்தபோது விளங்கியது. கால் பறையின் வேகத்துக்கு ஓடுகிறது, இடுப்பு வளைகிறது, சுற்றுகிறாள், ஆனால் கழுத்தும் குடமும் மட்டும் அசையாமல் வேறு ஏதோ ஒரு கணக்கில் இருக்கின்றன, வேப்பிலை நுனி மாத்திரம் துடிக்கிறது. கும்பிட்ட கையை எடுக்க மறந்து நின்றேன்.

சந்நிதியில் கரகத்தை இறக்கிய பிறகு மரநிழலில் அவளுடைய அம்மா சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கணுக்கால் சிவந்து தடித்திருந்தது. தண்ணீர்ப்பந்தலில் இருந்து மோர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நேர்த்தியா தங்கச்சி?"

"ஓம் அக்கா. மூன்று வருசத்துக்கு. இது ரெண்டாவது."

ஒரே மூச்சில் மோரைக் குடித்துவிட்டு, கிளாசை இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள்.